சரக்கு தாமதம், காரணம் நம் கையில் இல்லை: ‘ஃபோர்ஸ் மெஜூர்’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புயல், வெள்ளம், போர், துறைமுக மூடல், அரசுத் தடை என்று ஏதோ ஒன்று குறுக்கிட்டு, சொன்ன தேதிக்குச் சரக்கை அனுப்ப முடியாமல் போன சிறு, நடுத்தரத் தொழில்முனைவோர் கேட்கும் கேள்விகள் இவை. வேறு நாட்டுச் சட்டம் என்று சொல்லாத இடங்களில் எல்லாம் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை வைத்தே பதில் எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தின் வாசகம் இங்குள்ள எந்தப் பொது விதியையும் மாற்றிவிடலாம். பெரிய தொகை சம்பந்தப்பட்டிருந்தால் அந்தத் தாளை வழக்கறிஞரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

ஃபோர்ஸ் மெஜூர் ஷரத்து எதற்கு?

இரு தரப்பின் கட்டுப்பாட்டிலும் இல்லாத நிகழ்வு ஒன்று வேலையைத் தடுத்தால், அந்தத் தாமதத்துக்கு அபராதமோ இழப்பீடோ கேட்கக் கூடாது என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்வதற்குத்தான். பெரும்பாலும் பி.ஓ.வின் (வாங்குபவர் தரும் கொள்முதல் ஆணையின்) பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். கையெழுத்துப் போடும்போது விலை, அளவு, ஷிப்மென்ட் தேதி மூன்றையும் பார்ப்பவர்கள் இதைப் படிப்பதில்லை. பிரச்சினை வந்த பிறகு முதலில் தேடுவது இதைத்தான்.

எங்கள் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு ஷரத்தே இல்லை. சட்டம் காப்பாற்றாதா?

காப்பாற்றும், ஆனால் மிகக் குறைவாக. ஷரத்து இருந்தால் சட்டத்தின் 32-ஆம் பிரிவின்படி அந்த ஷரத்தின் வாசகத்தை வைத்தே தீர்ப்பு. ஷரத்து இல்லையென்றால் 56-ஆம் பிரிவு. ஒப்பந்தம் போட்ட பிறகு அந்த வேலை செய்யவே முடியாததாகவோ சட்டவிரோதமாகவோ ஆகிவிட்டால் ஒப்பந்தம் செல்லாது என்கிறது அது.

‘செய்யவே முடியாதது’ என்பதற்கு உச்ச நீதிமன்றம் 1953-இல் சத்யபிரதா கோஷ் வழக்கில் விளக்கம் கொடுத்தது. கல்கத்தாவில் மனை விற்ற நிறுவனம் ஒன்று, போர்க்காலத்தில் அரசு நிலத்தைத் தற்காலிகமாக எடுத்துக்கொண்டதால் ஒப்பந்தம் முடிந்துவிட்டது என்றது. நடைமுறையில் பயனற்றுப் போகும் அளவுக்கு ஒப்பந்தத்தின் அடித்தளமே சரிந்தாலும் 56 பொருந்தும் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அந்த வழக்கில் அடித்தளம் சரியவில்லை, போர்க்காலத்தில் தாமதம் எதிர்பார்க்கக்கூடியதுதான், வேலைக்குக் காலக்கெடுவும் எழுதப்படவில்லை என்று சொல்லி, ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறது என்றே தீர்ப்பளித்தது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 56 பொருந்தினால் ஒப்பந்தமே முடிந்துபோகும். உங்களுக்குத் தேவையானது மூன்று வார அவகாசமாக இருக்கலாம். அந்தப் பிரிவு அதைத் தராது. அவகாசம் வேண்டுமென்றால் ஷரத்து இருக்க வேண்டும், அல்லது 63-ஆம் பிரிவின்படி எதிர்த்தரப்பே சம்மதித்து நீட்டிக்க வேண்டும்.

நூல் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. பழைய விலைக்குச் செய்தால் கடனாளி ஆகிவிடுவேன். இதைக் காரணம் காட்டலாமா?

முடியாது. இதை மென்மையாகச் சொல்லிப் பயனில்லை. 2022-இல் நூல் விலை உயர்வை எதிர்த்துத் திருப்பூரில் வேலைநிறுத்தமே நடந்தது. அந்தச் சமயத்தில் பலரும் நம்பியதுபோல விலை உயர்வு தானாக ஒப்பந்தத்தை விடுவிக்காது.

இரண்டாம் உலகப் போருக்கு முன் ராணுவத்துக்கு நெய் கொள்முதல் செய்து தர ஒப்புக்கொண்ட அலோபி பர்ஷாத் நிறுவனம், போரால் நிலைமை தலைகீழாக மாறிவிட்டது, கூடுதல் தொகை வேண்டும் என்று கேட்டது. 1960-இல் உச்ச நீதிமன்றம் மறுத்தது. 2017-இல் எனர்ஜி வாட்ச்டாக் வழக்கிலும் அதே நிலைதான். இந்தோனேசியா தன் நிலக்கரி விலையைச் சர்வதேசச் சந்தையோடு இணைத்ததால், மின்சாரத்தைக் குறைந்த விலைக்குத் தர ஒப்புக்கொண்டிருந்த பெரிய நிறுவனங்களுக்குக் கடும் நஷ்டம். விலை உயர்ந்ததால் வேலை கடினமாகியிருக்கிறது, தடைபடவில்லை என்றது நீதிமன்றம். அவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கே கிடைக்காத விடுதலை பனியன் கம்பெனிக்குக் கிடைக்காது. விலை மாறும் பொருளென்றால், இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறினால் விலையைத் திருத்தலாம் என்று தனி ஷரத்து எழுதிக்கொள்வது ஒன்றே வழி.

செங்கடல் வழியாகப் பல கப்பல்கள் போவதில்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போவதால் சரக்கு தாமதமாகச் சேர்கிறது, கட்டணமும் அதிகம். இது?

2023 நவம்பரில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வி ஓயவில்லை. பழைய ஆங்கிலத் தீர்ப்பு ஒன்று கிட்டத்தட்ட இதே நிலைமையைப் பேசுகிறது. 1956-இல் சூயஸ் கால்வாய் மூடப்பட்டபோது, சூடானிலிருந்து ஹாம்பர்க்குக் கடலை அனுப்ப ஒப்புக்கொண்ட சகிரோக்லூ நிறுவனம் அனுப்பாமல் விட்டது. நன்னம்பிக்கை முனையைச் சுற்றி அனுப்பியிருக்கலாம், தூரமும் செலவும் கூடியதால் மட்டும் வேலை வேறொன்றாக மாறிவிடாது என்று அப்போது இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1961-இல் சொன்னது. கடலை கெட்டுப்போகும் சரக்கு அல்ல, குறிப்பிட்ட தேதிக்குள் சேர வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை என்பது அதில் முக்கியம்.

உங்கள் விலை எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றுவதுவரை மட்டும் உங்கள் செலவு) என்றால் கப்பலில் ஏற்றியதோடு உங்கள் பொறுப்பு பெரும்பாலும் முடிந்துவிடும். சுற்றுவழித் தாமதம் பயரின் (வாங்குபவரின்) பாடு. சி.ஐ.எஃப். (காப்பீடும் கப்பல் கட்டணமும் சேர்ந்த விலை) என்றால் கூடுதல் கட்டணம் உங்கள் தலையில். அதைவிட ஆபத்து, ‘இந்தத் தேதிக்குள் பயரின் கிடங்கில் சேர வேண்டும்’ என்று ஒப்புக்கொள்வது. இன்றைக்குக் கையெழுத்திடும் ஒப்பந்தத்துக்குச் செங்கடல் பிரச்சினை எதிர்பாராததும் அல்ல.

எங்கள் ஊரில் வெள்ளம் வந்தது ஊருக்கே தெரியும். அது போதாதா?

போதாது. அதிகம் பேர் தோற்பது இந்த இடத்தில்தான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை எடுத்துக்கொள்வோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டம் அருகே தண்டவாளத்தின் கீழிருந்த மண் அரித்துப்போய் ரயில் பயணிகள் நடுவழியில் சிக்கினார்கள். தூத்துக்குடி நகருக்குள் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. இதை எதிர்பார்த்திருக்க வேண்டும் என்று யாரும் வாதாட முடியாது. ஆனாலும் மூன்று பேரை நினைத்துப் பாருங்கள். ஒருவர் தூத்துக்குடிக் கிடங்கில் பேக்கிங் முடித்து வைத்திருந்த சரக்கு நனைந்து அழிந்தது. அவர் கோரிக்கை வலுவானது. இன்னொருவர் சரக்கு கோவையில் பத்திரமாக இருக்கிறது, தூத்துக்குடி வழியாக அனுப்புவது வழக்கம் என்பதால் காத்திருந்தார். கொச்சிக்கோ சென்னைக்கோ கண்டெய்னரைத் திருப்ப முயன்றாரா என்ற கேள்வி அவரிடம் வரும். மூன்றாமவருக்கு வெள்ளத்துக்கு முந்தைய நாள்வரை தையலே முடியவில்லை. வெள்ளம் வராவிட்டாலும் அவர் சரக்கு போயிருக்காது.

அந்த மூன்றாமவர் நிலைக்கு ஒரு தீர்ப்பே இருக்கிறது. 2015 நவம்பரில் பிரேசிலில் ஒரு சுரங்கத்தின் கழிவு அணை உடைந்தது. அங்கிருந்து மலேசியாவுக்கு இரும்புத் தாது அனுப்ப ஒப்புக்கொண்ட லிம்புங்கான் நிறுவனம் அணை உடைந்ததைக் காரணம் காட்டியது. அணை உடையாவிட்டாலும் அவர்கள் அனுப்பியிருக்க மாட்டார்கள் என்பது சாட்சியத்தில் வெளிப்பட்டது. இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-இல் ஏறத்தாழ 2 கோடி டாலர் இழப்பீட்டை அவர்கள் மேல் சுமத்தியது. நிகழ்வு எவ்வளவு பெரியது என்பதைவிட, அது உங்கள் சரக்கை எந்த இடத்தில், எந்த நாளில், எப்படித் தடுத்தது என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கிறது.

மாற்று வழி தேட வேண்டும் என்றால் எதுவரை? ஏர் ஃபிரைட்டில் அனுப்பச் சொல்கிறார் பயர்.

ஒரு நியாயமான வியாபாரி செய்யும் முயற்சியைச் செய்ய வேண்டும்: வேறு துறைமுகம், வேறு ஜாப் ஒர்க் யூனிட், இருக்கும் சரக்கில் ஒரு பகுதியையாவது முதலில் அனுப்புவது. ஒப்பந்தத்தில் கப்பல் வழி என்று இருந்தால், உங்கள் செலவில் விமானத்தில் அனுப்பச் சொல்வது ஒப்பந்தத்தையே மாற்றச் சொல்வது. முயற்சி எடுக்க வேண்டும் என்பதற்காக, ஒப்பந்தத்தில் இல்லாத ஒன்றை ஏற்க வேண்டியதில்லை என்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் எம்.யூ.ஆர். ஷிப்பிங் வழக்கில் சொன்னது. கப்பலை வாடகைக்கு எடுத்தவர்கள், டாலரில் தர வேண்டிய பணத்தைப் பொருளாதாரத் தடையால் தர முடியாமல் யூரோவில் தருகிறோம் என்றார்கள். கப்பல் உரிமையாளர் மறுத்தது சரியே என்று தீர்ப்பு. இந்திய நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது, வாதத்துக்கு உதவும். வியாபார உறவுக்காகச் செலவைப் பகிர்ந்துகொள்ளச் சம்மதித்தால், ‘பொறுப்பை ஏற்காமல் செய்கிறேன்’ என்று மெயிலில் எழுதிவிட்டுச் செய்யுங்கள்.

டிசம்பர் மழை, மின்வெட்டு இவையெல்லாம்?

சென்னையில் டிசம்பரில் மழை பெய்வது யாருக்கும் அதிர்ச்சி அல்ல. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் டெலிவரி ஒப்புக்கொண்டவர் சாதாரண மழைக்கு இடம் விட்டுத்தான் தேதி கொடுக்க வேண்டும். 2015 வெள்ளமும் 2016-இன் வர்தா புயலும் வேறு தரம். மின்வெட்டும் இப்படித்தான். 2012 வாக்கில் தமிழகம் முழுக்க நாள்தோறும் மணிக்கணக்கில் மின்சாரம் இல்லாத காலத்தில் ஒப்பந்தம் போட்டவர், மின்சாரம் இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. ஜெனரேட்டர் செலவையும் கணக்கிட்டிருக்க வேண்டும்.

கோர்ட் உத்தரவால் ஆலை மூடப்பட்டது. இது அரசின் செயல்தானே?

யாரால் அந்த உத்தரவு வந்தது என்பதைப் பொறுத்தது. 2011 ஜனவரியில் நொய்யல் மாசு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவைச் சுத்திகரிக்கத் தவறிய பட்டறை, ‘என் கட்டுப்பாட்டில் இல்லை’ என்று சொல்வது எடுபடாது. தன் தவற்றால் வந்த தடை சலுகை தராது. அந்தப் பட்டறைக்குத் துணி கொடுத்திருந்த ஏற்றுமதியாளருக்குத் தவறு இல்லை. ஆனால் அவரிடமும் கேட்பார்கள்: வழக்கு பல வருடமாக நடப்பது தெரியுமே, வேறு ஊரில் சாயமேற்ற ஏற்பாடு செய்தீர்களா?

என் சப்ளையர் கைவிட்டுவிட்டார். அது என் கட்டுப்பாட்டில் இல்லையே?

சப்ளையரின் தோல்வி பொதுவாக உங்கள் தோல்வியாகவே கருதப்படும். அவரைத் தடுத்ததும் ஒரு ஃபோர்ஸ் மெஜூர் நிகழ்வுதான், வேறு இடத்தில் அந்தப் பொருள் கிடைக்காது என்று இரண்டையும் காட்ட முடிந்தால், ஷரத்தும் சப்ளையர்களைச் சேர்த்து எழுதப்பட்டிருந்தால் மட்டும் வாதாடலாம். உங்கள் ஆலைக்குள் நடக்கும் வேலைநிறுத்தமும் பெரும்பாலான ஷரத்துகளில் விலக்கப்பட்டிருக்கும்.

புயலுக்கு முன்பே கொஞ்சம் லேட்டாகத்தான் இருந்தோம்.

அப்படியென்றால் நிலைமை பலவீனம். 2020 மே மாதம் ஹாலிபர்ட்டன், வேதாந்தா வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், ஒப்பந்ததாரர் 2019 செப்டம்பரிலிருந்தே வேலையைச் சரிவர முடிக்காமல் இருந்ததைச் சுட்டிக்காட்டி, பழைய தவற்றுக்குக் கொரோனா கவசம் ஆகாது என்றது. புயலால் கூடுதலாக வீணான நாட்களை மட்டும் தனியே பிரித்துக் காட்டிக் கேளுங்கள். முழுத் தாமதத்தையும் புயல் மேல் போட்டால், நியாயமான பகுதியையும் நம்ப மாட்டார்கள்.

நோட்டீஸ் எப்போது கொடுக்க வேண்டும்? என்ன எழுத வேண்டும்?

உடனே. ஷரத்தில் 7 நாள், 14 நாள் என்று இருக்கும். ஃபிடிக் (சர்வதேசப் பொறியாளர் கூட்டமைப்பு) வெளியிடும் மாதிரிக் கட்டுமான ஒப்பந்தங்களில் 14 நாள். அரசுக் கொள்முதலுக்கான நிதி அமைச்சகக் கையேடு, நிகழ்வு நடந்தவுடன் அறிவிக்க வேண்டும், எல்லாம் முடிந்த பின் கோர முடியாது என்றே சொல்கிறது. நிலைமை தெளிவான பிறகு எழுதலாம் என்று காத்திருப்பது மனித இயல்பு. அந்தக் காத்திருப்பில்தான் உரிமை கைநழுவுகிறது. ஃபோனில் சொன்னதும் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியதும் நல்லதே, ஆனால் ஒப்பந்தத்தில் சொன்ன முகவரிக்கு, சொன்ன முறையில் போவதுதான் நோட்டீஸ்.

பெரிய சட்ட நடை தேவையில்லை. இப்படி எழுதினால் போதும்:

“உங்கள் பி.ஓ. எண் ___, தேதி ___, ஷரத்து ___-இன் கீழ் இந்த அறிவிப்பு. ___ தேதி காலை முதல் எங்கள் ஆலைக்கு வரும் சாலை வெள்ளத்தில் மூழ்கியுள்ளது. மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பை இணைத்துள்ளோம். மொத்தம் ___ பீஸில் ___ தயாராக இருந்தது. மீதிக்கான வேலை நின்றுள்ளது. தயாரான சரக்கை ___ வழியாக அனுப்ப முயல்கிறோம். இப்போதைய கணிப்பில் ___ நாள் தாமதமாகலாம். ___ அன்று மீண்டும் எழுதுவோம். ஒப்பந்தத்தின் கீழ் எங்களுக்குள்ள எல்லா உரிமைகளும் தொடர்கின்றன.”

சொன்ன தேதியில் மீண்டும் எழுதுங்கள். வேலை தொடங்கிய அன்றும் எழுதுங்கள்.

என்னென்ன ஆதாரம் சேர்க்க வேண்டும்?

வானிலை மையத்தின் அறிக்கை, ஆட்சியரின் உத்தரவு, துறைமுகத்தின் சுற்றறிக்கை ஆகியவை நிகழ்வை நிரூபிக்கும். உங்கள் பாதிப்பை நிரூபிப்பவை வேறு: வருகைப் பதிவேடு, உற்பத்திப் பதிவேடு, இ-வே பில், லாரி புக்கிங் ரத்தான மெயில், தேதியோடு கூடிய படங்கள், வேறு யூனிட்டைக் கேட்டு அவர்கள் மறுத்த பதில். இரண்டாவது கட்டு இல்லாமல் முதல் கட்டு வீண். வணிக அமைப்புகள் தரும் ஃபோர்ஸ் மெஜூர் சான்றிதழ் உதவும். 2020-இல் சீனாவில் இப்படிச் சான்றிதழ்கள் ஏராளமாக வழங்கப்பட்டன. நீதிமன்றம் அதை ஓர் ஆதாரமாகப் பார்க்கும், முடிவாகப் பார்க்காது.

சலுகை எவ்வளவு நாள்? பிறகு ரத்து செய்யலாமா?

தடை நீடிக்கும்வரைதான் சலுகை. தடை விலகியதும் கடமை திரும்ப வந்துவிடும். நிதி அமைச்சகக் கையேட்டின் மாதிரி ஷரத்தில் 90 நாளுக்கு மேல் நீடித்தால் இரு தரப்பில் யாரும் பண விளைவு இல்லாமல் விலகலாம். 1999 ஃபிடிக்கில் தொடர்ந்து 84 நாள், அல்லது விட்டுவிட்டு மொத்தம் 140 நாள். கொரோனா காலத்தில் நிதி அமைச்சகம் 2020 பிப்ரவரி 19 அன்று, சீனாவிலோ வேறு நாட்டிலோ வைரஸால் சப்ளை தடைபட்டதை இயற்கைப் பேரிடராகக் கருதலாம் என்று சுற்றறிக்கை விட்டது. அது அரசுக் கொள்முதலுக்கு. தனியார் ஒப்பந்தத்துக்கு அதை அப்படியே நீட்ட முடியாது.

லேட்டாக வந்த சரக்கை பயர் பேசாமல் வாங்கிக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து டெபிட் நோட் (பில் தொகையில் இவ்வளவு கழிக்கிறோம் என்ற சீட்டு) வருகிறது.

55-ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். காலக்கெடு முக்கியம் என்ற ஒப்பந்தத்தில், தாமதமாக வந்ததை ஏற்றுக்கொள்ளும் அந்த நேரத்திலேயே ‘இழப்பீடு கேட்பேன்’ என்று அறிவிக்காவிட்டால், பிறகு தாமதத்துக்கு இழப்பீடு கேட்க முடியாது. சிறு சப்ளையர்களுக்குச் சாதகமான விதி இது. பலர் அறியாமலேயே தள்ளுபடி கொடுத்துவிடுகிறார்கள் என்பது வருத்தம். ஒப்பந்தத்தில் இதற்கு மாறாக ஏதும் எழுதியிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுப் பதில் அனுப்புங்கள்.

ஒப்பந்தமே முடிந்துவிட்டது. அட்வான்ஸ்?

56-இன் கீழ் செல்லாததாகிவிட்டால், 65-ஆம் பிரிவின்படி பெற்ற பலனைத் திருப்பித் தர வேண்டும். ஷரத்தின் கீழ் ரத்தானால் ஷரத்து சொல்வதுபோல.

வெள்ளத்தால் எல்.சி. (ஆவணங்களைக் காட்டினால் பணம் தருவோம் என்று வங்கி தரும் உறுதிக் கடிதம்) காலாவதி ஆகிவிட்டது.

இது மிகக் கடுமையான இடம். எல்.சி.க்கு உங்கள் ஒப்பந்தத்தின் சலுகை எதுவும் பொருந்தாது. எல்.சி.க்கான சர்வதேச விதித்தொகுப்பான யு.சி.பி. 600-இன் 36-ஆம் விதிப்படி, பேரிடரால் வங்கியே மூடிக் கிடந்து அந்த இடைவெளியில் எல்.சி. காலாவதியானாலும், திறந்த பிறகு வங்கி பணம் தராது. பயரிடம் அவகாசம் பேசும்போதே எல்.சி. திருத்தத்தையும் கேளுங்கள், ‘தேதியை நீட்டித்துவிட்டோம்’ என்ற மெயிலை மட்டும் நம்பி ஷிப்மென்ட் செய்யாதீர்கள். எதிர்ப்பக்கத்தில், கொரியாவிலிருந்து இரும்பு இறக்குமதி செய்தவர்கள் ஊரடங்கைக் காட்டி எல்.சி. பணத்தை நிறுத்தக் கேட்டபோது, 2020 ஏப்ரலில் பம்பாய் உயர் நீதிமன்றம் மறுத்தது.

பயர்தான் ‘எங்களுக்கும் வெள்ளம்’ என்று பணம் தராமல் இழுக்கிறார்.

பணம் தரும் கடமையைப் பெரும்பாலான ஷரத்துகள் விலக்கியே எழுதும். கையில் காசு இல்லை என்பது ஃபோர்ஸ் மெஜூர் அல்ல. இந்திய பயர் என்றால், நீங்கள் பதிவுபெற்ற குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டப்படி சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் வர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டி. இப்படிப்பட்ட பாக்கித் தகராறுகளை விசாரிக்க அந்தச் சட்டம் அமைத்த வசதிக் குழுவில் மனு போடலாம்.

அடுத்த பி.ஓ.வில் என்ன கேட்டு வாங்க வேண்டும்? பெரிய பயர் திருத்தமே ஏற்க மாட்டாரே.

முழு ஷரத்தையும் மாற்றச் சொன்னால் ஏற்க மாட்டார். நான்கு சிறு மாற்றங்களைக் கேளுங்கள். ‘தடுத்தால்’ என்று மட்டும் இருக்கும் இடத்தில் ‘தடுத்தாலோ தாமதப்படுத்தினாலோ’ என்று வர வேண்டும். பட்டியலில் உங்கள் தொழிலுக்கு உண்மையான ஆபத்துகள் பெயரோடு இருக்க வேண்டும்: புயல், வெள்ளம், தொற்றுநோய், துறைமுக மூடல், அரசுத் தடை. ஷரத்து இரு தரப்புக்கும் பொருந்த வேண்டும். சில படிவங்களில் ஒரு தரப்புக்கு மட்டும் இருக்கும். வெட்டி வைத்த துணிக்கும் முடித்த வேலைக்கும், ரத்தானாலும் பணம் உண்டு என்று ஒரு வரி வேண்டும். வெளிநாட்டு பயர் என்றால் எந்த நாட்டுச் சட்டம் என்பதையும் பாருங்கள். சர்வதேச வணிகச் சபை 2020-இல் வெளியிட்ட மாதிரி ஷரத்தை முன்வைத்தால், நீங்களே எழுதியதைவிட எளிதில் ஏற்பார்கள். நான்கில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால், முடித்த வேலைக்கான பணத்தைக் கேட்டு வாங்குங்கள்.